கடல் வந்த காலையும் கடல் வராத இரவும்



சென்ற மாதம் எமது வானொலியின் மாலை உரைக்காக எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘தலைமைத்துவம்’. ஒலிபரப்பான மறுநாளே சிலர் தொலைபேசியில் அழைத்து, சொன்னதை எழுத்திலும் தரும்படி கேட்டார்கள். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தலைப்பைக் கேட்டதும் நான் முதலில் மறுத்துவிட்டேன். எந்தச் சங்கத்துக்கும் நான் தலைவராக இருந்ததில்லை. ஊரில் கணித ஆசிரியராக இருந்தேன். 2007இல் கனடாவுக்கு வந்ததிலிருந்து பண்டசாலை வேலை. மேடையில் ஏறினால் கை நடுங்கும். ஆனால் என் வாழ்நாளில் ஒரு காலைப்பொழுதில் பத்துப் பதினைந்து பேர் என் முகத்தைப் பார்த்து, “மாஸ்டர், என்ன செய்யிறது?” என்று கேட்டார்கள். நான் உடனே பதில் சொன்னேன். அந்தப் பதில் பிழையானது. தலைமைத்துவம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பிழையிலிருந்து தொடங்குவதால் அதையே பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், முதல் நாள்தான் நத்தார். மட்டக்களப்பின் கரையோரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் எங்கள் கிராமம். என் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். பாடசாலையும் பக்கத்தில்தான்.

அன்று காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டுவிட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆழ்கடலில் சுனாமி அலை விமானத்தின் வேகத்தில் ஓடும். அப்போது அதன் உயரம் அதிகமில்லை; மேலே போகும் கப்பலுக்குக்கூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் வேகம் குறைந்து தண்ணீர் மலைபோல ஏறும். அந்த அலை எங்கள் கரைக்கு வந்துசேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. ஹவாயில் இருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு நிலநடுக்கம் பற்றித் தெரிந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திர நாடுகளில் யாருக்கு அறிவிப்பது என்ற ஒழுங்கு அன்று எவரிடமும் இருக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் வீணாகப் போயிற்று. பல நாடுகளிலுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரும், இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள்.

எங்கள் ஊரில் முதலில் வந்தது சிறிய அலைதான். தண்ணீர் வீதி வரை வந்து முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. போனது போய்க்கொண்டே இருந்தது. ஒருபோதும் காணாத கல்லும் சேறும் வெளியே தெரிந்தன. சின்னப் பிள்ளைகள் துள்ளுகிற மீனைப் பொறுக்க ஓடினார்கள். நான் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் நின்றேன். அயலவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

நான் சொன்னேன்: “பறுவம் எண்டபடியால கடல் ஏறுது. புயலும் வரலாம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள்ள போய் இருங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருபது வருடத்துக்கும் மேலாக யோசித்திருக்கிறேன். காரணம் 1978. அந்த வருடம் நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புயல் அடித்தபோது எனக்கு எட்டு வயது. ஓலை வீட்டை விட்டு எங்களை இழுத்துக்கொண்டு போய்ச் சீமெந்துக் கட்டடம் ஒன்றுக்குள் வைத்துக் காப்பாற்றியவர் எங்கள் அப்பா. வெளியே நின்றவர்களைத் தகரமும் தென்னைமரமும் அடித்தன. ‘ஆபத்து வந்தால் கட்டடத்துக்குள் போ’ என்பது அன்றிலிருந்து என் இரத்தத்தில் ஊறிய பாடம். புயலுக்கு அது சரியான பாடம். கடல் எழுந்து வரும்போது அதே பாடம் ஆளைக் கொல்லும். அனுபவசாலி என்று பெயர் எடுத்தவர்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். புதிதாக வந்த ஆபத்துக்குப் பழைய பெயரை வைத்துவிடுவோம். வைத்தவுடன் பழைய மருந்தைக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் ஊரில் மீன் விற்கும் ஒரு அம்மா இருந்தார். ஊர் முழுக்க அவரை மாமி என்றுதான் கூப்பிடும். பாடசாலைப் பக்கம் அதிகம் போகாதவர். நான் வியாக்கியானம் சொல்லிக்கொண்டு நிற்க, அவர் தலையிலிருந்த பெட்டியை அப்படியே நிலத்தில் போட்டார். “என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீங்க, வாவிப் பக்கம் ஓடுங்க!” என்று கத்திக்கொண்டு தானே முதலில் ஓடத் தொடங்கினார். ஓடுகிற ஓட்டத்தில் எங்கள் வாசலில் நின்ற என் அம்மாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சிலர் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், மாஸ்டர் சொல்கிறார் என்று பாடசாலைக்குள் போனார்கள்.

இரண்டாவது அலை பாடசாலையின் ஓட்டுக்கு மேலால் வந்தது. நான் ஒரு தென்னையோடு மல்லுக்கட்டிப் பிழைத்தேன். பாடசாலைக்குள் போனவர்களில் நான்கு பேர் பிழைக்கவில்லை. ஒரு தாய், அவரது இரண்டு பிள்ளைகள், இன்னொரு வீட்டுப் பெரியவர். அந்தத் தாயின் கணவர் அன்று வாவிக்கு அப்பால் வேலைக்குப் போயிருந்தார்.

பின்னாளில் மாமியிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. சுனாமி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது: “நாப்பது வருசமா இந்தக் கடலப் பாக்கிறன். அது இப்பிடி உள்ள போய் நான் கண்டதில்ல. காணாததக் கண்டா நான் நிக்கமாட்டன் மாஸ்டர்.” அவருக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. எனக்கு அதுவும் தெரியவில்லை.

அதே நாளில் வேறிடங்களில் நடந்த இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் சிமெயுலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவு. அங்கே அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. இறந்தவர்கள் ஏழு பேர் என்று கணக்கு. 1907இல் அந்தத் தீவைக் கடல் அழித்திருந்தது. அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவந்தார்கள். நூறு வருடம் கழித்து அந்தச் சொல் வேலை செய்தது.

மற்றது எங்களைப் போல வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு முக்கியமானது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒருவர், நிலநடுக்கச் செய்தியை அறிந்ததும் வீட்டுக்கு அழைத்தார். கடல்நீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். அந்தக் கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவி அமைத்த தகவல் நிலையம் ஒன்று இருந்தது. கடல் நிலைமையையும் காற்றையும் நாளாந்தம் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் வேலை. பூட்டியிருந்த நிலையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. இதில் யார் தலைவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அழைத்தவரா, கதவைத் திறந்தவர்களா, அல்லது ஒன்றும் நடக்காத நாட்களிலும் அந்த ஒலிபெருக்கியைத் தவறாமல் பேசவைத்து ஊரின் காதைப் பழக்கியவர்களா? மூன்றாமவர்களைத்தான் நாங்கள் வழக்கமாக மறந்துபோகிறோம். (எமது வானொலியின் தொண்டர்கள் இந்த வரியைத் தங்களுக்கும் சேர்த்து வாசித்துக்கொள்ளலாம்.)

எங்கள் கரையை அலை அடித்தபோது இங்கே ரொறன்ரோவில் நத்தார் இரவு, பத்து மணியளவு. நிலநடுக்கம் நடந்தது இரவு எட்டு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்திருக்கக்கூடியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சுமாத்திராவில் நிலம் நடுங்கினால் மட்டக்களப்புக்கு ஆபத்து என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பிறகு முகாம் வாழ்க்கை. வாவிக்கு அப்பால் ஒரு பாடசாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். எழுதத் தெரிந்தவன் என்பதால் பதிவு வேலை என் தலையில் விழுந்தது. அப்பியாசக் கொப்பி ஒன்றில் குடும்பத் தலைவர் பெயரை எழுதி, அந்தப் பட்டியல்படி அரிசியும் பருப்பும் பால்மாவும் கொடுத்தோம். இரண்டாம் நாளே மாமி வந்து கொப்பியைத் தட்டினார். ஆண்கள் பெயர் மட்டும் எழுதியிருக்கிறாய், கடல் புருசனைக் கொண்டுபோன பெண் எந்தப் பெயரில் வரிசையில் நிற்பாள் என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், முகாம் குழுவில் இருந்த ஏழு பேரும் ஆண்கள். இரவில் பெண்கள் மலசலகூடம் போக வெளிச்சம் இல்லை, உள்ளாடை இல்லை, குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு இல்லை என்று எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். எங்களுக்குத் தேவைப்படாதது எங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மூன்று பெண்கள் குழுவில் சேர்ந்தார்கள். அன்றைய கூட்டத்தில்தான் முதல் தடவையாக லாம்பெண்ணெய் பற்றிய பேச்சு வந்தது.

வந்த உதவிகள் பற்றி நிறைய எழுதலாம், இங்கே வேண்டாம். ஒன்று மட்டும். ஒரு பெட்டி நிறையத் தடித்த கம்பளிக் குளிர்சட்டைகள் வந்திருந்தன. மட்டக்களப்பு வெயிலில் அதை வைத்து என்ன செய்வது? பிள்ளைகள் அவற்றை விரித்துப் படுத்தார்கள். அன்புடன் அனுப்பியவர் யாரோ, இந்த நகரத்தில்தான் இருக்கிறாரோ என்று பின்னாளில் இங்கே பனியில் நடக்கும்போது நினைத்துச் சிரித்திருக்கிறேன். கொடுப்பவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

பெப்ரவரி மாதம் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே தறப்பாள் கொட்டில்களில் எங்களைக் குடியேற்றினார்கள். இரவில் கடல் இரைந்தாலே பிள்ளைகள் எழுந்து அழுவார்கள். மாமியின் யோசனையில் அங்கே ஒரு ஒழுங்கு செய்தோம். நான்கு நான்கு குடும்பமாகப் பிரித்தோம். கடல் வந்தால் யார் யாரைத் தூக்குவது என்று பெயர் சொல்லித் தீர்மானித்தோம். நடக்க முடியாதவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். ஒவ்வொரு கொட்டிலின் வாசலிலும் அடையாள அட்டை, மருந்து, ஒரு போத்தல் தண்ணீர் வைத்த பை. வாவியைக் கடக்கும் தோணிகள் இருட்டியபின் எங்கள் கரையில்தான் கட்டப்பட வேண்டும், சவள் தோணிக்குள்ளேயே இருக்க வேண்டும். தோணிக்காரர்கள் முறுமுறுத்தார்கள். களவு போகும் என்றார்கள். அவர்கள் பயந்தபடியே ஒரு சவள் களவும் போனது. ஆனாலும் ஒழுங்கு நின்றது.

மார்ச் 28, 2005. திங்கட்கிழமை இரவு. 10 மணிக்குச் சற்றுப் பின் சுமாத்திராப் பக்கத்தில் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், 8.6 அளவு. இந்தத் தடவை வானொலி சொன்னது. கரையோர மக்கள் உள்ளே போகும்படி அறிவித்தார்கள். கொட்டில்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, பழக்க தோசத்தில் என்னிடம் வந்து நின்றார்கள். “மாஸ்டர், கடல் வருமா?”

நான் சொன்னேன்: “எனக்குத் தெரியாது. போவம்.”

அந்த இரண்டு சொற்களைச் சொல்வதற்கு எனக்கு மூன்று மாதமும் நான்கு உயிரும் தேவைப்பட்டன.

அன்றிரவு எவரும் கத்தவில்லை. பெயர் சொல்லப்பட்டவர்கள் பெயர் சொல்லப்பட்டவர்களைத் தூக்கினார்கள். முடியாதவர்கள் தோணியில், மற்றவர்கள் பாலத்தால். என் அம்மாவைத் தூக்கித் தோணியில் இருத்தியவர், பாடசாலையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்த மனிதர். எங்கள் நான்கு குடும்பத்தில் அவரும் ஒருவர். தூக்குவதற்குச் சொந்தத்தில் ஒருவரும் இல்லாததால் என் அம்மாவைத் தன் பெயரில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தார்.

கடல் வரவில்லை. அந்த நிலநடுக்கம் இந்தோனேசியாவின் நியாஸ் தீவில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ஆனால் எங்கள் பக்கம் பெரிய அலை எதையும் எழுப்பவில்லை. விடியப்புறம் திரும்பி வந்தோம். ஒருவருடைய சைக்கிளைக் காணவில்லை. இன்னொருவரின் கோழிகள் போய்விட்டன. இரவெல்லாம் பனியில் நின்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தகப்பன் என்னோடு சண்டைக்கு வந்தார். இளைஞர்கள் சிலர் மாமியைப் பார்த்து, “என்ன மாமி, ஓடுறதுல முதல் பரிசா?” என்று சிரித்தார்கள். மாமி சொன்னார்: “சிரிக்க வாய் மிச்சம் இரிக்கே, சிரிங்க மக்காள்.”

வராத கடலுக்கு ஓடச் சொன்னவர் மறுநாள் காலையில் படுகிற பாட்டைப் பற்றி எந்தத் தலைமைத்துவ வகுப்பிலும் நான் கேள்விப்படவில்லை. உண்மையில் ஒருவர் தலைமை தாங்கத் தகுதியுள்ளவரா என்பது அந்தக் காலையில்தான் தெரியும். சிரிப்புக்குப் பயந்தவர் அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்பார். 2012 ஏப்ரல் 11இலும் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டு, கிழக்குக் கரையில் மக்கள் ஓடினார்கள். அப்போதும் அழிவு வரவில்லை. அன்று நான் இங்கே இருந்தேன். தொலைபேசியில் மாமியிடம் கேட்டேன், ஓடினீர்களா என்று. “ஓடாம?” என்றார்.

யப்பானில் நடந்ததை வாசித்தபோது எங்கள் ஊரையே இரண்டு துண்டாகப் பார்ப்பது போல இருந்தது. 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். கமாய்ஷி என்ற நகரத்தில் ஆயிரம் பேரளவில் மாண்டார்கள். ஆனால் அந்த நகரத்துப் பாடசாலைகளின் ஏறக்குறைய மூவாயிரம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தப்பினார்கள். தொஷித்தக்கா கத்தாடா என்ற பேராசிரியர் பல வருடங்களாக அவர்களைப் பழக்கியிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று. வரைபடத்தில் போட்ட கோட்டை நம்பி இருக்காதே. அந்தந்த நேரத்தில் முடிந்த அளவு உயரத்துக்குப் போ. நீயே முதலில் ஓடு.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். தலைவன் கடைசியாகத்தானே போகவேண்டும்? கப்பல் தலைவனுக்கு அது சரி. ஆனால் ஆபத்தா இல்லையா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், ஒருவரும் ஓடாததே ஆபத்தில்லை என்பதற்கு அத்தாட்சியாகிவிடுகிறது. ஒருவர் ஓடினால் அந்தக் கட்டு அவிழும். கமாய்ஷியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்து ஆரம்பப் பாடசாலையில் மேல்மாடிக்கு ஏறத் தொடங்கியிருந்த சிறுவர்கள் இவர்களைக் கண்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அந்த முதலாவது இடத்தைப் பின்னர் கடல் கொண்டுபோனது. அன்று எங்கள் வீதியில் மாமி செய்ததும் இதுதான்.

மற்றத் துண்டு ஒகாவா ஆரம்பப் பாடசாலை. அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளை முற்றத்தில் ஒன்றுசேர்த்து, எங்கே போவது என்று பேசிக்கொண்டு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நின்றார்கள். பின்னால் மலை இருந்தது. கடைசியில் ஆற்றுப் பக்கமாக நடக்கத் தொடங்கியபோது தண்ணீர் வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2018இல் மேல்நீதிமன்றம் பிழையை அந்த ஐம்பது நிமிடத்தில் மட்டும் தேடவில்லை. எங்கே ஓடுவது என்பதைப் பாடசாலையும் கல்விச் சபையும் அனர்த்தத்துக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும் என்றது. 2019இல் அந்தத் தீர்ப்பு உறுதியானது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த முற்றத்தில் நின்ற ஆசிரியர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களும் பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வானொலி உரைக்குப் பின் ஒரு இளம் பிள்ளை அழைத்துக் கேட்டாள்: “அங்கிள், அந்தக் குடும்பத்துக்காரருக்கு நீங்கள் சொன்னதால்தான் அவர்கள் உள்ளே போனார்கள் என்று தெரியுமா?” தெரியாது என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் அவருக்கு அழைப்பேன். அதைத் தவிர மற்றதெல்லாம் பேசுவோம். இதை அச்சில் கொடுப்பதற்கு முன் அவரிடம் சொல்லாமல் விடக்கூடாது என்று போன கிழமை அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. “அது எனக்கு அண்டைக்கே தெரியும் மாஸ்டர்” என்றார். பிறகு அம்மாவின் கால்நோவு எப்படி என்று விசாரித்தார்.

இனி இங்கே. சுனாமி ஸ்காபரோவுக்கு வராது. ஆனால் 2013 டிசம்பர் 21, 22 இரவுகளில் உறைமழை பெய்து, ரொறன்ரோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். சிலருக்கு ஒரு கிழமைக்கு மேல் மின்சாரம் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் நின்றது, சூடு நின்றது, மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. இருட்டில் கம்பளிக்குள் இருந்தபடி யோசித்தேன். ஆறு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள், தூக்கவேண்டிய ஆள் அங்கே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தறப்பாள் கொட்டிலில் இருந்த ஒழுங்கு இந்தச் சீமெந்துக் கட்டடத்தில் இல்லை.

1995இல் யப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தவரும் அயலவரும்தான். பக்கத்தில் அவாஜி தீவின் ஒரு சிற்றூரில், யார் எந்த வீட்டில் எந்த அறையில் படுப்பார் என்று அயலவருக்குத் தெரிந்திருந்ததால் நேரே அந்த இடத்தைத் தோண்டினார்களாம். எங்கள் கட்டடத்தில் அப்படித் தோண்ட யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை ஒரு கொப்பியையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினேன். எங்கள் மாடியில் வசித்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி ஒருவரும் கூட வந்தார். கதவு கதவாகத் தட்டினோம். ஏழாம் மாடியில் ஒட்சிசன் இயந்திரத்தில் இருந்த பெரியவர். பற்றரி முடிய ஒரு மணி நேரம் இருந்தது. அவருக்கு அம்புலன்ஸ் வரவழைத்தது அந்தத் தாதி. ஐந்தாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். பல்கனியில் இருந்த கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, பற்றவைக்க நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கரி எரிந்தால் வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய வீட்டில் நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். வீட்டுக்குள் கரி எரிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப அறிவித்திருந்தார்கள்தான். அந்த வீட்டில் ஆங்கிலம் விளங்கியவர் வேலைக்குப் போயிருந்தார்.

அன்று தொடங்கிய கொப்பி இப்போது நான்காவது கொப்பி. ஒவ்வொரு ஒக்டோபரிலும், குளிர் தொடங்கமுன், பெயர், கதவு இலக்கம், தொலைபேசி, யாருக்கு என்ன மருந்து, யாரைத் தூக்க வேண்டும், யார் தூக்குவார் என்று புதுப்பிக்கிறோம். எல்லாக் கதவும் திறப்பதில்லை. எதற்காக எங்கள் விபரம் கேட்கிறீர்கள் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். நாங்கள் தப்பி வந்த நாடுகளை நினைத்தால் அந்தச் சந்தேகம் எனக்கு விளங்குகிறது. அவர்களிடம் பெயர் கேட்பதில்லை. லிப்ட் நின்றால் படியால் இறங்க முடியுமா என்று மட்டும் கேட்டு, முடியும், முடியாது என்று குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் மாடியில் 14 கதவுகள். போன வருடம் 11 திறந்தன. மூலை வீட்டுக்காரர் இதுவரை திறந்ததில்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும். இந்த முறை பிலிப்பைன்ஸ் அம்மாவின் மகளை, பத்தாம் வகுப்புப் படிக்கிறவளை, என் இடத்தில் தட்டச் சொல்லியிருக்கிறேன். எனக்கு முழங்கால் சரியில்லை.